பாஸ்டர் எங்கள் வீட்டில் படித்த குளிர்காலம்

ஞாயிறு பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்களே, இப்போது முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறவர்களே, உங்கள் வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. பாஸ்டர் ஓய்வு பெறுகிறார், விழா வைக்கிறோம், சிறப்பு மலர் போடுகிறோம், சின்ன வயது நினைவு ஒன்று எழுதித் தா, இனிமையாக இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். கீழே கைகூப்பிய படம் வேறு. நினைவு இருக்கிறது, தருகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. இனிமையாகவும் இருக்காது.

நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "அவவுக்கு என்ன நடந்தது, நல்லாத்தானே இருந்தவ" என்று ஒருவருக்கொருவர் போன் எடுத்து எனக்காக ஜெபிக்கத் தொடங்க வேண்டாம். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது என் அக்காவுக்கு. நடந்தபோது நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், கையில் ரோல்ஸோடு.

அந்த பேஸ்மென்டை நினைவிருக்கிறதா? கோட்-டெ-நெய்ஜ் மேட்டில் அந்தப் பழைய கருங்கல் கோயில். மேலே காலையில் வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு ஆராதனை. அவர்கள் கோப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, மத்தியானம் கீழே எங்களுக்கு. படியிறங்கியதும் பூட்ஸ் குவியல், அதிலிருந்து உருகி ஓடும் உப்புத் தண்ணீர். ஈரக் கம்பளி மணம், மேலே அணைத்த மெழுகுதிரி மணம், யாரோ ஒரு அன்ரி வீட்டிலிருந்து பொரித்துக்கொண்டு வந்த ரோல்ஸ் மணம். சுவருக்குள் சூட்டுக் குழாய் தட்டிக்கொண்டே இருக்கும். பாஸ்டர் உச்சத்தில் பிரசங்கிக்கும்போதுதான் அது இன்னும் பலமாகத் தட்டும், நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எங்களுக்குக் கதை சொல்லக் கம்பளித் துணி ஒட்டிய பலகை ஒன்று இருந்தது. அதில் கடதாசி ஆட்களை ஒட்டுவார்கள். ஒரு மோசே, ஒரு பெரிய மீன், பின்னங்கால் கிழிந்த ஒரு கழுதை. எல்லாக் கதையிலும் அந்தக் கழுதை வரும். கடைசியில் அது எங்கே போனது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அந்தப் பலகையில் கதை சொன்னது அக்காதான். அப்போது அவளுக்குப் பதினெட்டு. பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் இங்கே படிக்கிற அந்த சீஜெப் கல்லூரியில் இருந்தாள். எனக்குப் பதினொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது எனக்குத் தமிழ் எழுத்து பாதிதான் தெரியும், அவளுக்கு முழுவதும் தெரியும். வந்த பிறகு பிரெஞ்சும் ஆங்கிலமும் அவள் நாக்கில் எப்படி ஏறின என்று யாருக்கும் தெரியாது. தெருவில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு டாக்டரிடம் கதைக்க வேண்டுமென்றாலும் கதவைத் தட்டுவது எங்கள் வீட்டில்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவளுடைய பாஷையை அல்ல, ஜெபத்தை. மற்றவர்கள் மொட்டைமாடிக்குக் கேட்க வேண்டும் என்பது போலக் கத்துவார்கள். அவள் பக்கத்துக் கதிரையில் இருப்பவரோடு கதைப்பது போலக் கதைப்பாள். ஒருமுறை ஓர் அன்ரியின் மகன் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆளாளுக்கு எழும்பி, இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும், பிசாசின் கட்டுகளை உடையும் என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார்கள். அக்கா எழும்பி முதலில் அந்த அன்ரியிடம் கேட்டாள்.

"பிள்ளைக்கு என்ன சாப்பாடு விருப்பம் அன்ரி?"

"புட்டும் சீனியும்."

அக்கா கண்ணை மூடி, அவன் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறான், வீட்டுக்கு வந்து அம்மாவின் கையால் புட்டும் சீனியும் சாப்பிடட்டும் என்று மட்டும் கேட்டாள். வேறொன்றும் இல்லை. அந்த அன்ரி அதுவரை அழாமல் இருந்தவர், அப்போதுதான் அழுதார். மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை. சூட்டுக் குழாய்கூடத் தட்டவில்லை என்று எனக்கு ஞாபகம், அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இப்போது பாஸ்டர். அவரை நான் வில்லனாக்கப் போவதில்லை. வில்லனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் நல்ல மனிதர். பகலில் உடுப்புத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். புதிதாக வந்தவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவார், வீடு பார்த்துக் கொடுப்பார், குளிர் ஜாக்கெட் தேடித் தருவார். அப்பாவுக்கு முதல் வேலை, ஒரு உணவகத்தின் சமையலறையில், அவர் எடுத்துத் தந்ததுதான். இதையெல்லாம் மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். எழுதட்டும், உண்மைதான்.

அந்த வருஷம் மேலே இருந்த கோயிலின் பெரியவர்கள் பாஸ்டரைக் கூப்பிட்டு, முறைப்படி இறையியல் படித்த போதகர் இல்லாத சபைக்கு மண்டபத்தைத் தொடர்ந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஊரில் கிடைத்தது சில மாதப் பயிற்சி மட்டும். ஆகவே நகர நடுவில் இருந்த ஒரு வேதாகமக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தார். பாடம் ஆங்கிலத்தில். புத்தகங்கள் செங்கல் கனம். முதல் வாரமே அந்தச் செங்கலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சு எனக்குத் தமிழில விளங்கப்படுத்தும் பாப்பம்," என்றார் அக்காவிடம்.

அப்படித் தொடங்கியது. செவ்வாயும் வியாழனும் பாஸ்டர் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா ரொறொன்ரோவிலிருந்து வந்த பூப்போட்ட கோப்பையை அவருக்கென்றே எடுத்து வைத்திருந்தா. அந்தக் கோப்பையில் எங்களுக்கு ஒருநாளும் தேத்தண்ணீர் கிடைத்ததில்லை. சமையலறை மேசையின் ஒரு பக்கம் பாஸ்டர், மறுபக்கம் அக்கா, நடுவில் புத்தகம். அக்கா ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்து, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தமிழில் சொல்லுவாள். பாஸ்டர் சொக்ஸ் போட்ட காலை ஹீட்டர் மேல் வைத்துக்கொண்டு கேட்பார். அவருடைய காலுறை காயும் மணம் இன்றைக்கும் எனக்கு இறையியல் மணம். அவர் கேட்கும் கேள்விகளும் நல்ல கேள்விகள்தான். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்லுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். வரும்போதெல்லாம் தெருமுனை டெப்பனர் கடையில் மேப்பிள் இனிப்பு வாங்கி வருவார்.

கட்டுரைகளை அக்காதான் தட்டச்சு செய்தாள். யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போன பழைய தட்டச்சு இயந்திரம் அது. ஒரு எழுத்து மட்டும் எப்போதும் வரிக்கு மேலே துள்ளி நிற்கும். முதலில் பாஸ்டர் தமிழில் சொன்னதை அவள் ஆங்கிலமாக்கினாள். பிறகு அவர் பாதி சொல்ல மீதியை அவள் சொன்னாள். கிறிஸ்மஸ் தாண்டியபோது பாஸ்டர் தேத்தண்ணீர் குடிக்க, அக்கா எழுதினாள். வெளியே பனி விழ விழ இவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தில்தான் நான் கணக்குப் பாடம் செய்தேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் எங்கள் மேசையிலிருந்தே போகத் தொடங்கியது. உங்களுக்கு அந்தக் கிணற்றடிப் பெண்ணின் பிரசங்கம் மறந்திருக்காது. இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்கிறீர்கள். தண்ணீர் அள்ள வந்த பெண், ஆண்டவரோடு கதைத்த சந்தோஷத்தில் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குச் செய்தி சொல்ல ஓடினாளே, அந்தக் கதை. அதை எங்கள் வீட்டு மேசையில் வாசித்து முடித்ததும் அக்கா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எல்லாம் சரி பாஸ்டர். பேந்து அந்தக் குடத்தை ஆர் எடுத்தது?"

பாஸ்டர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று அதே கேள்வியை, அதே இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அப்படியே கேட்டார். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும்பி அடங்கியது. அன்றைக்கு எத்தனை அன்ரிமார் அவருடைய கையைப் பிடித்து, பாஸ்டர் எங்கட மனசுக்குள்ள புகுந்து கதைச்சிட்டார் என்று சொன்னார்கள். அக்கா அந்த நேரம் பின்மேசையில் தேத்தண்ணீருக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த மடைச்சிக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மாசி மாதத்தில் பாஸ்டர் வகுப்பில் ஒரு சிறு பிரசங்கம் செய்ய வேண்டி வந்தது. பயத்தில் அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டார். அம்மாவுக்கு அன்று மாலை வேலை, ஆகவே என்னையும் இழுத்துக்கொண்டு மெட்ரோவில் போனோம். வகுப்பறையில் சோக்கட்டித் தூசும் ஆறிப்போன கோப்பியும் மணத்தன. பாடம் எடுத்தவர் வயதான ஒரு பேராசிரியை. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். ஒரு பெண் பாஸ்டர்மாருக்குப் பாடம் எடுப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்காவும் அன்றுதான் பார்த்தாள். அவள் கண் அவரைவிட்டு அகலவே இல்லை.

பாஸ்டர் கிணற்றடிப் பெண்ணைத்தான் எடுத்தார். மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் ஒருவாறு முடித்தார். பேராசிரியை முன்னுக்குச் சாய்ந்து, அந்தக் கேள்வி அபூர்வமானது, எப்படித் தோன்றியது என்று கேட்டார். பாஸ்டர் மேலே கையைக் காட்டி, ஆவியானவர் தந்தது என்றார். என் பக்கத்தில் இருந்த ஆவியானவர் கையுறையைத் திருகிக்கொண்டிருந்தாள். சரி, யார்தான் எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று பேராசிரியை விடாமல் கேட்டார். பாஸ்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா எழும்பி நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். இன்னொரு பெண் எடுத்திருப்பாள். ஒருத்தி செய்தி சொல்ல ஓடினால், வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேறொருத்தி வேண்டும். அந்த வேறொருத்தியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அவளும் அந்தச் செய்தியைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வகுப்பு முடியும்வரை பேராசிரியை அக்காவோடுதான் கதைத்தார். முடிந்த பிறகும் எங்களை வாசலில் நிறுத்தி, செப்டெம்பரில் இங்கே வா என்றார். உதவிப்பணத்துக்கு வழி இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். உன் சபைப் போதகர் உன்னைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் சொன்னால் போதும், அது கல்லூரியின் விதி. சொல்லிவிட்டுப் பாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார். போதகர் பக்கத்திலேயே நிற்கிறாரே, இதைவிடச் சுலபம் என்ன?

திரும்பி வரும்போது மெட்ரோவில் பாஸ்டர் கதைக்கவில்லை. அக்கா கதைத்துக்கொண்டே வந்தாள். தான் ஒருநாள் பிரசங்கிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே உள்ளுக்குள் ஒரு அழைப்பு இருந்ததாம், யாரிடமும் சொல்லப் பயமாக இருந்ததாம். அவளுடைய கன்னம் சிவந்திருந்தது, குளிரால் அல்ல. எங்கள் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்ததும் பாஸ்டர் எங்களுக்குச் சூடான சொக்லேட் வாங்கித் தந்தார்.

"ஜெபிச்சுப் பாப்பம் பிள்ளை," என்றார்.

இதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, மலரை வாசிக்கப் போகும் உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன். எங்கள் சபையில் எதைக் கேட்டாலும் இல்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பிறந்தநாளுக்கு மண்டபத்தைத் தருவீர்களா, ஜெபிப்போம். உங்கள் வான் வண்டியை ஒருநாள் தருவீர்களா, ஜெபிப்போம். என் தம்பி நல்லாய்ப் பாடுவான், பாட்டுக் குழுவில் சேர்ப்பீர்களா, ஜெபத்தில் வைப்போம். கேட்டவரும் விளங்கிக்கொண்டு வேறிடம் பார்ப்பார். எல்லாருக்கும் தெரிந்த மரியாதை அது. அக்கா ஒருத்திதான் ஜெபம் என்றால் ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் அதைச் சபைக்கு முன்னால் ஜெபக் குறிப்பாக வைத்தார். "எங்கட சகோதரி தன்ர எதிர்காலத்தைப் பற்றி ஆண்டவற்ற சித்தத்தை அறிய விரும்புறா. எல்லாரும் உபவாசத்தோட ஜெபியுங்கோ." கல்லூரி என்ற சொல்லே வரவில்லை. கேட்டவர்கள் தங்களுக்கு வசதியானபடி விளங்கிக்கொண்டார்கள். பதினெட்டு வயசுப் பொம்பிளைப் பிள்ளைக்கு எதிர்காலம் என்றால் வேறென்ன?

அதன் பிறகு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. "உனக்காகத்தான் ஜெபிக்கிறம் பிள்ளை." "ராத்திரி ஜெபத்தில எனக்கு ஒரு வெள்ளைக் கல்யாணச் சீலை தெரிஞ்சது." "ஆண்டவர் நோர்வேயில ஒருத்தரை ஆயத்தப்படுத்தி வைச்சிருக்கிறார் எண்டு ஒரு உணர்வு." அந்த நோர்வேக்காரர் சொன்னவரின் மச்சானாக இருந்தது தற்செயல்தானே! ஒவ்வொருவரும் தங்கள் விருப்பத்தை ஆண்டவரின் வாயில் வைத்துக் கொண்டுவந்து கொட்டினார்கள். இப்போது விழாக்குழுவில் இருக்கிற சிலருடைய அம்மாமாரைத்தான் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம்.

அப்பாவிடம் அக்கா நேரே கேட்டாள். அப்பா உணவக எண்ணெய் மணக்கும் சட்டையோடு வாசலில் குந்தி பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கிறதுக்கு நான் ஏன் மறிக்கப்போறன்?" என்றார். "பாஸ்டர் ஓம் எண்டா ஓம்."

"அம்மா?"

"கர்த்தர் பாத்துக்கொள்ளுவார் பிள்ளை. பாஸ்டருக்குத் தெரியாதே?"

அப்பா பாஸ்டரைக் காட்டினார். அம்மா பாஸ்டரையும் கர்த்தரையும் காட்டினா. பாஸ்டர் கர்த்தரை மட்டும் காட்டினார். இன்றைக்கு நான் அம்மாவின் அந்த வயதைத் தாண்டி விட்டேன், இப்போது விளங்குகிறது. அம்மா ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பூப்போட்ட கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, பாஸ்டர், என்ர மகளுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கோ என்று கேட்டிருக்கலாம். ஆனால் பாஸ்டர் வந்து படிக்கிற வீடு என்ற பெருமை அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது. அகதியாய் வந்த இடத்தில் வேறு பெருமை ஒன்றும் இருக்கவில்லை. அதற்காக நான் அம்மாவை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

அக்கா உபவாசம் இருந்தாள். சும்மா பேச்சுக்கு அல்ல, சாப்பிடாமல். சீஜெப்புக்குப் போய், பாஸ்டருடைய கட்டுரையைத் தட்டச்சு செய்து, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தாள். உதடு வெடித்திருந்தது. ஆண்டவர் சொல்லுவார், சத்தம் போடாமல்தான் சொல்லுவார், நான் கவனமாகக் கேட்க வேண்டும் என்றாள். ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அவளுடைய வயிறு இரையும் சத்தம்தான் கேட்டது.

பனி உருகித் தெருவெல்லாம் சேறான காலத்தில் ஒருநாள் பேராசிரியை வீட்டுக்கு அழைத்தார். நான்தான் எடுத்தேன். உன் அக்காவிடம் சொல், இடம் வைத்திருக்கிறேன், ஆனால் இந்த வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றார். உங்கள் போதகரிடம் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறேன், சபை இன்னும் ஜெபிக்கிறது என்கிறார், எனக்கு அது விளங்கவில்லை என்றார். விளங்காமல் அவர் கேட்டது எனக்கு விளங்கியது. நான் சொன்னதும் அக்கா கோட்டைப் போட்டாள். நானும் பின்னால் போனேன்.

பாஸ்டர் வீட்டில் அப்போதுதான் சாப்பிட்டு எழும்பியிருந்தார்கள். பாஸ்டர் அன்ரி, அவருடைய மனைவி, எங்களை இருத்தி மிக்ஸர் கொண்டுவந்து வைத்தார். அக்கா தொடவில்லை.

"பாஸ்டர், கொலிஜில கடைசி நாள் வந்திட்டுதாம்."

"ஓம் பிள்ளை. நானும் ஜெபிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். ஆண்டவர் இன்னும் வாய் திறக்கேல்லை."

"அந்தப் புரொபசர் ஆண்டவரிட்டக் கேக்கேல்லையே பாஸ்டர். உங்களிட்டத்தானே கேட்டவ."

அக்கா அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. பாஸ்டர் மேசைவிரிப்பை நீவினார். பாஸ்டர் அன்ரி இடையில் வந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. வீட்டுக் கவலை ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

"மேடையில ஏறின பிள்ளையை ஆர் பிள்ளை கட்டுவினம்? அது ஒரு பக்கம் இருக்கட்டும். இவருக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்புக் கிடக்கு. நீயும் அங்க படிக்க வெளிக்கிட்டா இவருக்கு ஆர் சொல்லிக்குடுக்கிறது?"

ஆண்டவர் வாய் திறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மாதக்கணக்காக ஒரு சபையே பட்டினி கிடந்து தேடிய பதில், மிக்ஸர் தட்டுக்கு மேலே கிடந்தது. அக்கா பாஸ்டரைப் பார்த்தாள். அவர் மட்டும் அப்போது, சீ, அப்படியில்லை என்று சொல்லியிருந்தால் போதும். ஓம், அதுதான் உண்மை, நீ போனால் நான் தோற்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தாலும் போதும். அவர் எழும்பினார்.

"வாங்கோ, ஜெபிப்பம்," என்றார்.

நீங்கள் அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள், உங்களுக்குத் தெரியும். ஜெபத்துக்குக் குறுக்கே வாய் திறக்க முடியாது. கண்ணை மூட வேண்டும், தலையைக் குனிய வேண்டும். அவர் அக்காவின் தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின்ர மனசை அமர்த்தும். உம்முடைய வேளைக்குக் காத்திருக்கிற பொறுமையைத் தாரும். பெருமை எண்ட பாவம் அவவைக் கிட்டாமல் காத்துக்கொள்ளும்." நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையில் தொழிற்சாலைப் பெட்டி கிழித்த தழும்பு இருந்தது. அந்தக் கைக்குக் கீழே அக்காவின் கழுத்து குனிந்திருந்தது. ஜெபம் முடிந்ததும் அவர் அவளுக்காகக் காத்திருந்தார். அறையே காத்திருந்தது.

"ஆமென்," என்றாள் அக்கா.

அந்தச் சொல்லை அன்றைக்குப் பிறகு நான் மனதார உச்சரித்ததில்லை. நான் சபையை விட்டதற்கு நீங்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னீர்கள். பிரெஞ்சுப் பள்ளி கெடுத்துவிட்டது என்றீர்கள். கூடாத சிநேகம் என்றீர்கள். காரணம் இதுதான்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். அக்கா அடுத்த வருஷமும் செவ்வாயும் வியாழனும் சொல்லிக்கொடுத்தாள். பாஸ்டர் பட்டம் வாங்கினார். கறுப்பு அங்கியோடு நடுவில் அவர், சுற்றி நாங்கள் எல்லோரும். அந்தப் படம்தான் மலரின் அட்டை என்று கேள்விப்பட்டேன். அதில் அக்காவைத் தேடாதீர்கள். படம் எடுத்தது அவள். அந்தப் பட்டத்தினால் மண்டபம் நிலைத்தது, அந்த மண்டபத்தில் உங்கள் கல்யாணங்கள் நடந்தன, உங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. நான் மறுக்கவில்லை. நீங்கள் எல்லோரும் குடித்த தண்ணீர் யார் தலையில் வந்தது என்று மட்டும் சொல்லுகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தான் நல்லவர். இப்போது புரோசார்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஞாயிறு பள்ளி எடுக்கிறாள். சபையில் இவ்வளவு காலத்தில் ஒருநாளும் அவளைப் பிரசங்கிக்கக் கேட்டதில்லை. பெண்கள் தினத்தில் அறிவித்தல் வாசிக்க விட்டீர்கள். விழாவுக்கும் அவளிடம் ரோல்ஸ்தான் கேட்டிருக்கிறீர்கள்.

போன சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மேசை முழுவதும் ரோல்ஸ். முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் உருட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டுரை எழுதப் போவதாகச் சொன்னேன். பெரிதாகச் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"அவரை ஏசாத," என்றாள். "வயசு போன மனுசன்."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"என்ன கோபம்? நான் இன்னும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

"என்னத்தை?"

"அதைத்தான். போகலாமோ எண்டு."

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி விடவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில், வேலைக்குப் போகுமுன், காருக்குள் இருந்து கேட்கிறாளாம். அந்தப் பேராசிரியை செத்துப்போய் எவ்வளவு காலம்.

"உனக்கு இப்ப என்ன வயசு அக்கா?"

"வயசுக்கென்ன?" என்றாள், அடுத்த ரோல்ஸை எடுத்துக்கொண்டு. "இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே."

என் கோபம் இவ்வளவுதான், நண்பர்களே. இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள். வேறு கல்லூரி தேடியிருப்பாள், வேறு சபை தேடியிருப்பாள், அல்லது விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லத் துணிவில்லாத ஒரு நல்ல மனிதரால் என் அக்கா முப்பது வருஷத்துக்கு மேலாகக் கதவடியில் நிற்கிறாள். அவள் இன்னும் ஆண்டவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறாள். பதில் சொல்ல வேண்டியவர் முன்வரிசைக் கதிரையில் பொன்னாடையோடு உட்காரப் போகிறார்.

இதை மலரில் போடுவீர்களோ தெரியாது. போடாவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். விழாவில் பாஸ்டரிடம் மைக் கொடுக்கும்போது, பின்மேசையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் அக்காவை மண்டபத்தின் நடுவுக்குக் கூப்பிடுங்கள். அவளைப் பார்த்து ஒரு சொல் சொல்லும்படி பாஸ்டரைக் கேளுங்கள். ஓம் என்றோ இல்லை என்றோ, எதுவென்றாலும் சரி. சொன்ன பிறகு அவர் ஜெபிக்கக் கையை உயர்த்தினால், மைக்கை வாங்கிவிடுங்கள்.